ரோடு வேண்டாத வண்டி

பெரிய வண்டி என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் வண்டியின் மேல் இல்லை, அது எதற்காகக் கிளம்புகிறது என்பதன் மேல். சின்ன வண்டிக்காரரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஆஸ்பத்திரி, சந்தை, கல்யாணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். பெரிய வண்டிக்காரர் மட்டும் "சும்மா ஒரு ரவுண்டு" என்பார். அந்தச் சும்மாவுக்குள் என்ன இருக்கிறது என்பது திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போதுதான் டிரைவருக்குத் தெரியும். சில நேரம் அப்போதும் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ரொம்ப வருஷம் ஆக்டிங் டிரைவராக இருந்தேன். வண்டி இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது, அப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டால் அன்றைக்கு மட்டும் போய் ஓட்டிக் கொடுக்கிற வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை, அதுதான் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடத்துப் படிப்பு எனக்குப் பாதியில் நின்றுபோனது. மீதியை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் படித்தேன். அந்தப் படிப்பில் ஃபெயில் என்பதே கிடையாது.

ஒரு நாள் காலை சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை முதலாளி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கொஞ்ச நாளைக்கு ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவருடைய தம்பி வண்டியைக் கொண்டுவந்து டீக்கடை முன்னால் நிறுத்தினார். கடைக்குள் இருந்த வெளிச்சமே குறைந்துபோயிற்று. அவ்வளவு உயரம், அவ்வளவு அகலம், கறுப்பு நிறம். டீ மாஸ்டர் கையில் வடிகட்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

"இது இன்னா மாமே, வூட்டுக்குச் சக்கரம் கட்டி ஓட்டினு வந்துட்டாங்களா?" என்றார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவர் என்னைப் பார்த்து, "ஏறும்போது செருப்ப வாசல்லயே உட்டுடு, உள்ள சாமி இருக்கும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் முதலாளி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "செருப்போடயா ஏறின?" என்பதுதான். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். டிக்கியில் ஒரு பழைய நாளிதழை விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். சீட்டுகளில் கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"எங்க போறோம் மொதலாளி?"

"சும்மா ஒரு ரவுண்டு. கல்வராயன் மலைக்கு. ரோடு இல்லாத எடமா பாத்துப் போவணும்."

செருப்பு மண் பட்டால் பதறுகிற மனுஷர், ரோடு இல்லாத இடத்துக்குப் போகவேண்டும் என்கிறார். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. சரிங்க என்று சொல்லி ஸ்டார்ட் செய்தேன்.

கச்சிராயபாளையம் போய்ச் சேர்வதற்குள் வண்டியைப் பற்றி அவரே ஒரு பாடம் நடத்தி முடித்துவிட்டார். கியருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் திருகு இருந்தது. அதில் மணல், சேறு, பாறை என்று படம் படமாகப் போட்டிருந்தது. எந்தப் படத்துக்குத் திருப்புகிறோமோ அந்தத் தரைக்கு ஏற்ற மாதிரி வண்டி தன்னை மாற்றிக்கொள்ளுமாம். ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி ஒரு சாண் உயர்ந்து நிற்கும். நாலு சக்கரமும் தனித்தனியாக இழுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்த இழுவையை எடுத்து நல்ல பிடிமானத்தில் இருக்கும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் விட அவருக்குப் பெருமையான பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டால் எவ்வளவு செங்குத்தான இறக்கமானாலும் டிரைவர் பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. வண்டி தானே பிடித்துப் பிடித்து இறங்கும்.

"அது எப்டிங்க தானா புடிக்கும்?"

"அதுக்குத்தான்யா இவ்ளோ வெல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரேக் என்பது என் வலது காலுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கோமுகி அணையைத் தாண்டும்போது உண்மையான காரணம் வெளியே வந்தது. அவருடைய சம்பந்தியும் இதே மாதிரி ஒரு வண்டி வாங்கி, எங்கேயோ ஒரு மலையில் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறுகிற வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். அதோடு விட்டாரா? "நம்ம சம்பந்தி வண்டி கல்யாண மண்டபத்து ஸ்பீடு பிரேக்கர் ஏறும், அவ்ளோதான்" என்று ஒரு வரியும் சேர்த்துப் போட்டுவிட்டார். பொண்ணு கொடுத்த இடம். பதில் பேச முடியாது, வீடியோவாகத்தான் காட்ட வேண்டும்.

இதை முழுசாக நம்பியிருப்பேன். ஆனால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அவர், "மேல நெலமெல்லாம் ஏக்கர் இன்னா போவுது?" என்று கேட்டுவிட்டார். என் சந்தேகம் மறுபடியும் எழுந்து உட்கார்ந்தது.

வெள்ளிமலையில் டீ குடித்தோம். கடைக்காரரிடம், தார் ரோடு முடிகிற இடத்துக்கு மேலே போக வழி எது என்று கேட்டேன். வண்டியை ஒரு பார்வை, முதலாளியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? இந்த வண்டியிலயா?" என்று சொல்லிவிட்டு கிளாஸ் கழுவப் போய்விட்டார். வழியை அவர் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த இன்னொருவர்தான், சொல்ல மனமில்லாமல், மோவாயை மட்டும் ஒரு பக்கமாகக் காட்டினார்.

அந்தப் பக்கம் போனோம். தார் முடிந்த இடத்தில் ஒரு புளியமரம். அதற்கு மேலே வழி என்று சொல்ல முடியாது, மழைத்தண்ணீர் இறங்கி வந்த தடம் அது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லை. நடுவே ஆள் இறங்கினால் முழங்கால் மறைகிற பள்ளம், செம்மண் சேறு, உருண்டைக் கல். பட்டனை அழுத்தினேன். வண்டி எழுந்து நின்றது. சேறு போட்ட படத்துக்குத் திருகைத் திருப்பினேன். மனசுக்குள் குலதெய்வத்தையும் ஒரு திருகு திருகிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வண்டி ஏறியது. ஜீப்பில் போனால் ஸ்டியரிங் கையைப் பிடித்து முறுக்கும், முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம். இதில் முதலாளியின் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில்கூட உருளவில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வண்டி ஒரு நொடி யோசிக்கும், பிறகு மற்ற மூன்றும் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு இடத்தில் ஓடைக்குக் குறுக்கே பெரிய பாறை, படி மாதிரி. அதிலும் மூக்கைத் தூக்கி ஏறிவிட்டது. முதலாளி போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே "பாத்தியா, பாத்தியா" என்றார். என்னிடம் சொன்னாரோ சம்பந்தியிடம் சொன்னாரோ.

மேலே ஒரு சமதரை. அதற்கும் மேலே கடைசியாக ஒரு ஏற்றம், அதன் உச்சியில் ஊர். கூரைகள் தெரிந்தன. அந்த ஏற்றத்தின் அடியில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, எல்லோரும் சலவை வேட்டி, சலவைச் சேலையில். ஒருவர் கையில் மாலைகூட இருந்தது. வண்டியைப் பார்த்ததும் மாலைக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஒரு அம்மா முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். அந்த ஊரின் வார்டு மெம்பர் என்று பிறகு தெரிந்தது. வண்டியின் மூக்கு அவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அசையவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? சாராயம் புடிக்கவா, நெலம் பாக்கவா, செம்மரம் வெட்ட ஆளு புடிக்கவா?"

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா..."

"சும்மாவா இவ்ளோ பெரிய வண்டி வரும்? யாரு அனுப்பினது? ஆபீசரா?"

"எந்த ஆபீசரு?"

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பொய் சொல்கிற முகமா என்று பார்த்திருப்பார். பிறகு குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னார். ரோடு கேட்டு ஊரே நடையாய் நடந்து, இன்றைக்குத்தான் ஒரு இன்ஜினியர் வழியை நேரில் பார்க்க வருகிறார். ஆம்புலன்ஸ் புளியமரத்தோடு நின்றுவிடும். போன மழையில் நெஞ்சுவலி என்று விழுந்த ஒருவரைக் கட்டிலோடு சுமந்துகொண்டு கீழே போனார்கள். கட்டில் கீழே போய்ச் சேர்ந்தது, ஆள் உயிரோடு போய்ச் சேரவில்லை.

"ஒவ்வொரு மழைக்கும் நாங்களே கல்லு மண்ணு போட்டுப் பள்ளத்த மூடுவோம்ணே. இந்தத் தடவ மூடல. வர்றவரு பாக்கணுமில்ல? பசங்க பைக்க எல்லாம் கொல்லைக்குள்ள மறச்சி வெச்சிருக்கோம். நடந்து, மூச்சு வாங்கி, இந்தச் சேத்துல கால உட்டு எடுத்தாத்தான் அவருக்குப் புரியும். இப்ப நீ காரையே கொண்டாந்து நிறுத்திட்ட. கார் வருது, அப்புறம் இன்னா ரோடுன்னு கேட்டாருன்னா நான் இன்னா சொல்லுவேன்?"

 ஒரு வண்டி நன்றாக ஓடுவதால் ஒரு ஊருக்குக் கேடு வரும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

முதலாளி என் காதில் மெல்லச் சொன்னார். "நம்பாத. உள்ள எதையோ காய்ச்சிக்கினு இருக்காங்க, அதான் தடுக்கறாங்க. அந்தக் கடைசி ஏத்தத்தையும் ஏத்திட்டு வந்துடலாம்."

"மொதலாளி, அவங்க அவ்ளோ பேர் நிக்கறாங்க."

"ஹாரன் அடி."

நான் அடிக்கவில்லை. மாலையை மறைத்தவர் அதற்குள் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "இத இப்டியே சேத்துல சொருவிடேன்பா. இவ்ளோ பெரிய வண்டியே மாட்டிக்கிச்சின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

ஊர்க்காரர்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வண்டி மாட்டிக்கிச்சின்னு ஒரு போட்டோ வெளிய போச்சின்னா எங்க சம்பந்தி ஃபிரேம் போட்டு மாட்டுவாரு" என்றார். இருந்தாலும் திருப்புவதற்காக நான் ரிவர்ஸ் எடுத்தபோது பின் சக்கரம் இரண்டும் தானாகவே ஆழமான சேற்றில் இறங்கியது. எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம். வண்டி ஒரு நொடி யோசித்தது. சளக் என்று வெளியே வந்து நின்றது.

"அட, இது நிக்க மாட்டேங்குதே!" என்று அந்த அம்மா தலையில் கை வைத்தார்.

அந்த நேரம்தான் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். பேண்டை முழங்கால் வரை மடித்து, ஷூவைக் கையில் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து. வழி நெடுக அகலமான டயர் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். வந்ததும் மாலையைக்கூட வாங்கவில்லை.

"கார் வருதேம்மா! அப்புறம் ஏன் ரோடு இல்ல ரோடு இல்லன்னு மனு மேல மனு?"

"இன்னிக்குத்தான் சார் மொத தடவ வந்துது."

"மொத தடவையோ கடைசி தடவையோ, வருதுல்ல?"

"அப்ப ரோடு வேணாம் சார். இதே மாதிரி வூட்டுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துடு. நாங்க பொழைச்சிக்கறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. பள்ளத்தைக் கையால் காட்டினார். "இதெல்லாம் நீங்களே வெட்டினதா? நெசத்த சொல்லுங்க."

"மழ வெட்டினது சார். நாங்க மூடல, அவ்ளோதான்."

உண்மை அதுதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டவருக்கு உண்மையும் ஒரு தினுசாகத்தான் கேட்கும். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலி அவர் முகத்தில் தெரிந்தது. நம் முதலாளிக்கு அதுதான் வாய்ப்பு.

"ஏறுங்க சார், எதுக்கு நடக்கறீங்க? நாங்க கொண்டு போய் உடறோம். இந்த வண்டி எறங்கறத நீங்க பாக்கணும். டிரைவர் பிரேக்கையே தொட மாட்டான்."

இன்ஜினியர் மறுப்பாரா? முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மெம்பர் அம்மாவின் கண் சுருங்கியது. வண்டிக்குள்ளே இரண்டு பெரிய மனுஷர்கள் என்ன பேசி முடிப்பார்களோ என்று நினைத்திருப்பார். பின் கதவைத் தானே திறந்துகொண்டு, "நானும் வரேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார், சேற்றுக் காலோடு. முதலாளி அந்தக் காலைப் பார்த்தார், புதுக் கால்மிதியைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை எடுத்து வீடியோவைப் போட்டார்.

இறங்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் நானே பிடித்துப் பிடித்துத்தான் ஓட்டினேன். இன்ஜினியருக்கு ஏசி காற்று பட்டதும் முகம் தெளிந்தது. "சுகமாத்தான்யா இருக்கு. இதுக்கா கட்டில்ல தூக்கினு போனீங்க?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார்.  கண்ணாடியில் மெம்பர் அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. ரோடு போயேபோய்விட்டது என்று இருந்தது அந்த முகம்.

ஓடைப் பாறை வந்தது. ஏறும்போது மூக்கைத் தூக்கிய இடம், இறங்கும்போது மூக்கைக் கவிழ்க்க வேண்டும். நான் பிரேக்கில் காலை வைத்துத் தயங்கினேன்.

"பட்டன அமுக்கு. கால எடு" என்றார் பின்னாலிருந்து முதலாளி.

"மொதலாளி, நான் புடிச்சே எறக்கிடறன்."

"எடுய்யான்னா! சார் பாக்கட்டும்."

எடுத்தேன். இரண்டு காலையும் எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன். 

வண்டி மூக்கைக் கவிழ்த்தது. முன் கண்ணாடியில் வானம் போய், மரம் போய், ஓடைத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பின்னால் ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டது. அடியில் கடகடகடவென்று ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி. வண்டி தானே பிரேக் பிடிக்கிற சத்தம் அதுதான். அது எனக்கே அப்போதுதான் தெரியும், இன்ஜினியருக்கு எப்படித் தெரியும்? அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"யோவ்! பிரேக்க புடிய்யா!"

"புடிக்கக் கூடாதுங்க சார். அதுவே புடிச்சிக்கும்."

"எதுய்யா புடிச்சிக்கும்? கடகடன்னு ஒடையுது!"

"ஒடையல சார், அது அப்டித்தான்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே வீடியோ எடுத்தார்.

"அப்டித்தான்னா? யோவ் நிறுத்து! நிறுத்துய்யா! என் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது!"

அவர் கதவைத் திறக்கப் போய்விட்டார். நான் காலைப் போட்டு அமுக்கினேன். பாறையின் பாதியில் சாய்ந்தபடியே வண்டி நின்றது, ஒரு அங்குலம் நகராமல். வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஆனால் இன்ஜினியர் அதற்குள் கீழே இறங்கி, ஓடைக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.  மெம்பர் அம்மா இறங்கிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா மூச்சு உடு சார். ஒண்ணும் ஆகல."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவர் பாறையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், சாய்ந்து நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இதுல மனுசன் போவ முடியாதும்மா" என்றார்.

"அதத்தான சார் நாங்களும் எழுதி எழுதிக் குடுத்தோம்."

மீதி வழியை அவர் நடந்தே வந்தார், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் பின்னால் மெல்ல ஊர்ந்தோம். வண்டியில் ஏறச் சொல்லி முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார். இன்ஜினியர் திரும்பியே பார்க்கவில்லை.

 மலை இறங்கி அணையருகே வந்ததும் முதலாளி கேட்டார். "நீ அவங்களோட பேசி வெச்சிக்கினு ஆபீசர பயமுறுத்தினியா?"

"நீங்கதான கால எடுன்னீங்க மொதலாளி."

"சொன்னா எடுத்துடுவியா?"

 அவர் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஏறுகிற காட்சி எல்லாம் குலுங்கி, வெறும் வானமும் டாஷ்போர்டும்தான் விழுந்திருந்தது. இறங்குகிற காட்சி மட்டும் தெளிவு. அதில் முழுக்க முழுக்க இன்ஜினியர் கத்துவதுதான் கேட்டது. சம்பந்திக்கு அதை எப்படி அனுப்புவார்? போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கழுவ இடம் பார் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று கள்ளக்குறிச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருஷம் வேறொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். அவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மனசு கேட்காமல், புளியமரம் வரை போய்ப் பார்த்தேன். மரத்தடியில் ஜல்லி குவியல் குவியலாகக் கிடந்தது. ஒரு குவியலின் மேல், வெற்றிலைப் பையோடு, மெம்பர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு அம்மா. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாண்ணே. நெசத்த சொல்லு, எங்களுக்காகத்தான நீ அன்னிக்குக் கால எடுத்த?"

"இல்லம்மா, சத்தியமா அந்த வண்டி தானா புடிக்கற வண்டி."

"போவட்டும், உனுக்குச் சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடு" என்று சிரித்து வெற்றிலையை நீட்டினார். நம்பவே இல்லை.

"ரோடு வந்துடுச்சி போலக் கீதே" என்றேன்.

"எங்க வந்துச்சி? ஜல்லி வந்துது. கொட்டிட்டுப் போனவன் போனவன்தான். எது வரைக்கும் போடறாங்க, ஊருக்குள்ள வருதா ஓடையோட நிக்குதான்னு ஒருத்தரும் வாய தொறக்கல."

"அதுக்கு ஏம்மா வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்கீங்க?"

அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மொற வெச்சி ஒக்காந்துக்கினு இருக்கோம்ணே, தெனம் ரெண்டு வூட்டு ஆளு. வேற ஊரு ரோட்டுக்குன்னு திருப்பி ஏத்திக்கினு போயிட்டாங்கன்னா?"

கீழே வளைவில் ஏதோ லாரி சத்தம் கேட்டது.  இரண்டு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜல்லியின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து, சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.